பெண்கள் விளையாடினால் என்ன கெட்டுவிடும்?

தோழர்களே!

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள ஒரு குப்பத்தில் நடந்த ஒரு சிறு சங்கதியைச் சொல்லி, அதையொட்டிச் சில விஷயங்களை உங்கள் யோசனைக்கு வைக்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு மாலைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பேர் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த வாலிபர் தம் கைப்பேசியில் ஏதோ ஒரு பந்தயம் பார்த்துக் கொண்டிருந்தார். 2025 மார்ச்சு மாதத்தில் தென்கொரியாவிலே உய்ஜொங்பு என்னும் நகரத்தில் நடந்த பெண்கள் கர்லிங் உலகப் பந்தயம் அது. கண்ணாடிபோன்ற பனித்தரை. ஒரு பெண் குனிந்து ஒரு பெரிய கல்லைச் சறுக்கி விடுகிறாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வருகிற கல்லுக்கு முன்னால் பனியைப் பரபரவென்று தேய்த்தபடியே ஓடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரியவர் ஒருவர், “இன்னாடா இது, ஊட்டுல பெருக்குறது பத்தாதுன்னு ஐசு மேலயும் பெருக்குறாளுங்க!” என்றார். கடையே சிரித்தது. நானும் முதலில் சிரித்துவிட்டேன் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறேன்.

சிரித்து ஓய்ந்த பிறகு அந்த வாலிபர் ஒன்று சொன்னார்: “தாத்தா, இதே ஆட்டத்தை ஆம்பளைங்களும் ஆடுறாங்க. அவங்களும் தொடப்பம் புடிச்சித்தான் ஓடுறாங்க.” பெரியவர் நம்பவில்லை. வாலிபர் ஆண்கள் பந்தயத்தையும் எடுத்துக் காட்டினார். மீசையும் தாடியுமாக ஆடவர் இருவர், வியர்க்க வியர்க்கத் துடைப்பம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. “ஓகோ, பெரிய ஆட்டந்தான்போல!” என்று பெரியவரே சொன்னார்.

தோழர்களே! இந்த ஒரு வார்த்தையிலேயே நம்முடைய சமூகத்தின் யோக்கியதை முழுதும் அடங்கியிருக்கிறதல்லவா? துடைப்பம் ஒன்றே, பனியும் ஒன்றே, கல்லும் ஒன்றே. பெண் பிடித்தால் பரிகாசம், ஆண் பிடித்தால் பெரிய ஆட்டம்! வீட்டிலே அதே பெண் அதே துடைப்பத்தை வயது முழுதும் கூலியில்லாமல் பிடித்தால் அது குடும்ப தர்மம். அவள் தன் மகிழ்ச்சிக்காக ஒரு நாழிகை பிடித்தால் மாத்திரம் அது வேடிக்கையாகி விடுகிறது. ஆகவே பரிகாசம் துடைப்பத்தின் மேலுமில்லை, ஆட்டத்தின் மேலுமில்லை. பெண் விளையாடுகிறாளே என்பதன் மேலேதான் இருக்கிறது.

நிற்க. அந்த ஆட்டம் இன்னதென்று தெரியாமல் அதைப்பற்றிப் பேசுவது நமக்கு அழகல்ல. ஆதலால் அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

கர்லிங் என்பது ஸ்காட்லாந்து தேசத்தில் குளங்கள் உறைந்துபோகும் பனிக்காலத்தில் குடியானவர்களும் மற்றவர்களும் ஆடி வந்த ஆட்டம். நானூறு ஐந்நூறு வருஷப் பழமையுடையது. கருங்கல் ஜாதியைச் சேர்ந்த ஒருவகைக் கல்லைத் தட்டையாகவும் வட்டமாகவும் கடைந்து மேலே கைப்பிடி வைத்திருப்பார்கள். எடை ஏறக்குறைய 20 கிலோ. பனித்தளம் சுமார் 150 அடி நீளம். அதன் கோடியில் 12 அடி அகலமுள்ள வட்டம் வரையப்பட்டிருக்கும். ஒரு கட்சிக்கு நாலு பேர். ஆளுக்கு இரண்டு கல்லாக, ஒரு சுற்றுக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து பதினாறு கற்களைச் சறுக்கி விடுவார்கள். வட்டத்தின் நடுவுக்கு எவர் கல் நெருங்கி நிற்கிறதோ அவர்களுக்கே அந்தச் சுற்றின் கணக்கு. எதிரியின் கல்லை இடித்துத் தள்ளலாம். தன் கல்லுக்கு முன்னால் மற்றொரு கல்லைக் காவல் வைக்கலாம். உலகப் பந்தயத்தில் இப்படிப் பத்துச் சுற்று. துடைப்பம் எதற்கென்றால், தேய்த்தால் பனியின் மேல்பரப்பு சூடேறி வழுக்கும்; கல் அதிக தூரம் போகும்; வளையாமலும் போகும். படகைக் கரையேற்றுகையில் அடியிலே உருட்டுக்கட்டை போடுகிற நமக்கு இது விளங்காத வித்தையல்ல. எங்கே தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அறிவின் வேலை.

இதிலே நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பெண்களுக்கென்று சிறிய கல்லோ, குட்டையான தளமோ, பெரிய வட்டமோ கிடையாது. ஆண் தள்ளுகிற அதே 20 கிலோக் கல்லைத்தான் பெண்ணும் தள்ளுகிறாள்.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? ஆண்களுக்கான உலகப் பந்தயம் 1959-ல் ஆரம்பித்தது. ஸ்காட்லாந்துக்காரரும் கனடாக்காரரும் மோதினார்கள். சாராய வியாபாரிகள் கோப்பை கொடுத்தார்கள். பெண்களுக்கான உலகப் பந்தயமோ 1979-ல்தான், ஸ்காட்லாந்தில் பெர்த் என்னும் ஊரில் ஆரம்பித்தது. இடையிலே இருபது வருஷம்! கனடா தேசத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், ஆண்களுக்குத் தேசப் பந்தயம் 1927-ல் வந்தது. பெண்களுக்கு 1961-ல் வந்தது. முப்பத்துநாலு வருஷம். ஒலிம்பிக் என்னும் உலக விளையாட்டு விழாவில் ஆண்கள் இந்த ஆட்டத்தை 1924-லேயே ஆடிவிட்டார்கள். பெண்கள் 1998-ல் ஜப்பானிலுள்ள நகானோவில்தான் முதல் முதலாக ஆடினார்கள். எழுபத்துநாலு வருஷம்!

இந்த இருபது வருஷத்திலும் முப்பத்துநாலு வருஷத்திலும் எழுபத்துநாலு வருஷத்திலும் பெண்ணுக்குக் கை முளைக்கக் காத்திருந்தார்களா? கல் இளைக்கட்டும் என்று காத்திருந்தார்களா? இல்லையே! 1890களிலேயே அந்நாடுகளில் பெண்கள் தங்களுக்கென்று கர்லிங் சங்கம் வைத்து ஆடியிருக்கிறார்கள். ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆட ஆசையும் இருந்தது. “இவர்கள் ஆட்டமும் ஓர் ஆட்டந்தான்” என்று கணக்கில் சேர்க்கிற புத்திதான் ஆண்களுக்கு இல்லை. வெள்ளைக்காரன் தேசத்திலும் இந்தப் புத்தி தானாக வந்துவிடவில்லை என்பதை, அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று நினைக்கிற நம் படித்தவர்களும் கவனிக்க வேண்டும்.

ஆரம்பித்த பின் என்ன ஆயிற்று என்றும் பார்ப்போம். 1979-ல் முதல் பந்தயத்தில் ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்தா ஜெயித்தது? இல்லை. சுவிட்சர்லாந்துப் பெண்கள் ஜெயித்தார்கள். 1980-ல் கனடா, 1981-ல் சுவீடன், 1982-ல் டென்மார்க்கு என்று முதல் நாலு வருஷத்தில் நாலு தேசத்துப் பெண்கள் கோப்பை எடுத்தார்கள். 1989 முதல் 2004 வரை ஆண்கள் பந்தயத்தையும் பெண்கள் பந்தயத்தையும் ஓரிடத்தில் சேர்த்து நடத்தினார்கள். 2005 முதல் மறுபடியும் பெண்கள் பந்தயம் தனியாகவே நடக்கிறது. கொரோனா நோயால் 2020-ல் நின்றதே தவிர, வருஷம் தவறாமல் நடந்து வருகிறது. 2019, 2021, 2022, 2023 என்று நடந்த நாலு பந்தயங்களிலும் தொடர்ச்சியாகச் சுவிட்சர்லாந்தே வென்றது. 2024-லும் 2025-லும் கனடா வென்றது.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பாடமானது ஆசியாவின் கதை. 2007-ல்தான் அந்தப் பந்தயம் முதல் தடவையாக ஆசியாவுக்கு, ஜப்பானில் அவொமோரி என்னும் ஊருக்கு வந்தது. இரண்டே வருஷம் கழித்து 2009-ல், தென்கொரியாவில் நடந்த பந்தயத்தில் சீனப் பெண்கள் உலகக் கோப்பையை வென்று விட்டார்கள். “ஐந்நூறு வருஷப் பரம்பரை எங்களுக்கு” என்று சொல்லக்கூடிய தேசங்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன. பரம்பரை, பிறவி, இரத்தம் என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இன்னொன்று கேளுங்கள். தென்கொரியாவில் உய்சொங் என்று ஒரு நாட்டுப்புறம் இருக்கிறது. அதன் பேர் வெளியுலகத்துக்குத் தெரிந்திருந்தால் பூண்டு விளைகிற இடம் என்றுதான் தெரிந்திருக்கும். அங்கே 2006-ல் ஒரு கர்லிங் மண்டபம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் வேறு பொழுதுபோக்கில்லாமல் அங்கே போய்க் கல் தள்ளப் பழகினார்கள். ஒருத்தியைப் பார்த்து மற்றொருத்தி, அக்காளைப் பார்த்துத் தங்கை என்று சேர்ந்தார்கள். 2018-ல் அந்தக் கூட்டந்தான் ஒலிம்பிக்கிலே தங்கள் தேசத்துக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கிற்று. உலகப் பத்திரிகைகள் “பூண்டுப் பெண்கள்” என்று கொண்டாடின. இதில் எந்தத் தெய்வ சங்கற்பமும் இல்லை, தோழர்களே! மண்டபம் கட்டினார்கள், கதவைத் திறந்தார்கள், பெண்களை உள்ளே விட்டார்கள். அவ்வளவே. திறமை முதலில் வரட்டும், இடம் பிறகு கொடுக்கலாம் என்று சொல்லுவது, நீந்தக் கற்றுக்கொண்டு வா, பிறகு தண்ணீரில் இறக்குகிறேன் என்று சொல்லுவதற்குச் சமானம்.

நிற்க. “பனியும் பூண்டும் நமக்கெதற்கு? பழவேற்காட்டில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுகிறதுதானே?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகவே நம்முடைய பக்கத்துக்கே வருவோம்.

கர்லிங்கைப் பனியிலே ஆடுகிறார்கள். ஏறக்குறைய அதே வித்தையை நாம் மரப்பலகையின் மேல் விரலால் ஆடுகிறோம். அதுதான் காரம். அங்கே துடைப்பம் செய்கிற வேலையை இங்கே பவுடர் செய்கிறது. அங்கே 20 கிலோக் கல். இங்கே 15 கிராமுக்கு மேற்படாத ஸ்டிரைக்கர். அங்கேயும் இங்கேயும் கோணம் பார்த்தல், இடித்தல், எதிரியின் வழியை மறித்தல் எல்லாம் உண்டு. இந்த ஆட்டத்துக்கான சர்வதேசச் சம்மேளனம் 1988-ல் நம் சென்னையிலேயே தோன்றியது. முதல் உலகப் பந்தயம் 1991-ல் டில்லியில் நடந்தபோது ஆண்களில் வென்றவர் சென்னைக்காரரான மரிய இருதயம்.

பெண்களிலோ, வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி, 2008-ல் பிரான்சு தேசத்தில் கான் நகரத்தில் நடந்த போட்டியில் உலக வீராங்கனையானார். மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவரின் மகள் அவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா என்னும் பதினேழு வயதுப் பெண், தனி ஆட்டம், இரட்டையர் ஆட்டம், குழு ஆட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். தமிழ்நாடு சர்க்கார் அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. வியாசர்பாடியும் வண்ணாரப்பேட்டையும் பழவேற்காட்டுக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். அந்தப் பெண்களும் நம் வீட்டுப் பெண்களைப்போல மீனும் சோறும் தின்று வளர்ந்தவர்கள்தாம். பின் என்ன வித்தியாசம்? அவர்களுடைய தெருவில் ஒரு காரம் பலகை இருந்தது. வீட்டார் அதன்முன் அவர்களை உட்கார விட்டார்கள். நம் குப்பத்தில் பலகை இருந்தாலும் அதைச் சுற்றி ஆண்பிள்ளைகளின் முதுகுகள்தாம் தெரியும்.

இனி, நம்மவர்கள் பெண்கள் விளையாடக்கூடாது என்பதற்குச் சொல்லுகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, பெண் உடம்பு தாங்காது என்பது. இதைச் சொல்லுகிறவர் பழவேற்காட்டில் விடியற்காலம் எழுந்து ஒருநாள் மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு வந்து பார்க்கட்டும். இருபது கிலோவுக்குக் குறையாத கூடையைத் தலையிலே தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் போகிறவர்கள் யார்? ஏரியிலே கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் யார்? அந்த வேலைகளுக்கெல்லாம் தாங்குகிற உடம்பு, ஒரு பந்தை எட்டி அடிப்பதற்கு மாத்திரம் தாங்காமல் போய்விடுமா? பாரம் தூக்கும்போது பெண் பலசாலி, பந்து தூக்கும்போது பெண் அபலை என்பது எந்த ஊர் வைத்தியம்?

இந்தப் புரட்டு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1896-ல் புது ஒலிம்பிக் ஆரம்பித்தபோது ஒரு பெண்ணையும் சேர்க்கவில்லை. 1928-ல் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்துக் களைத்துப்போனவர்களைப் பார்த்து, பெண்கள் மூர்ச்சையாகி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கி எழுதின. ஓடிக் களைக்காத ஆண் எங்கேயாவது உண்டா? ஆனால் அந்த ஒரு நாள் வம்பை வைத்துக்கொண்டு 1960 வரையில் அந்த ஓட்டத்தைப் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டம் 1984-ல்தான் பெண்களுக்குத் திறந்தது. நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று கற்றவர்களே சொல்லி வந்தார்கள். இன்று உலகமெங்கும் எண்ணிறந்த பெண்கள் ஓடுகிறார்கள், பிள்ளையும் பெறுகிறார்கள். சொன்னவர்கள் என்ன ஆனார்கள்? ஆராயாமல் சொன்னால் அது படித்தவன் வாயிலிருந்து வந்தாலும் மூடநம்பிக்கையே.

இரண்டாவது, தீட்டு. நம் கடற்கரையில் பல இடங்களில், அந்த மூன்று நாளில் பெண் வலையைத் தொடக்கூடாது, படகைத் தாண்டக்கூடாது, தொட்டால் மீன் படாது என்கிறார்கள். மீன் படாததற்குக் காரணம் வேண்டுமானால் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடுவதைப் பாருங்கள். ஏரித் தண்ணீர் கெடுவதைப் பாருங்கள். ஒரு பெண்ணின் உடம்பிலே தேடாதீர்கள். அம்மன் பெண், கடலும் தாய், தேரிலே ஏறுகிற தெய்வத்துக்குத் தீட்டில்லை, அவளைக் கும்பிடுகிற பெண்ணுக்கு மாத்திரம் தீட்டு! இந்தத் தீட்டுப் பேச்சுத்தான் பன்னிரண்டு வயதுவரை ஏரிக்கரையில் ஓடி ஆடிய பெண்ணை, பதின்மூன்றாவது வயதில் வாசற்படிக்கு உள்ளே நிறுத்திவிடுகிறது. ஒரே நாளில் அவளுக்குக் கால் போய்விடுகிறதா? கால் இருக்கிறது, ஊர் வாய்தான் குறுக்கே வந்துவிடுகிறது.

மூன்றாவது, மானம் போய்விடும் என்பது. கால்சட்டை போட்டு ஓடினால் பத்துப் பேர் பார்ப்பார்களாம். ஏரியில் இறால் பிடித்துவிட்டு நனைந்த சேலையோடு அவள் கரையேறுகையில் இந்தப் பத்துப் பேருக்கும் கண் இல்லையா? அப்போது போகாத மானம், இறுகக் கட்டிய விளையாட்டு உடையில் எப்படிப் போகும்? பார்க்கிறவன் கண்ணில் இருக்கிற கோளாறுக்குப் பார்க்கப்படுகிறவளை வீட்டில் அடைப்பது, திருடன் இருக்கிறான் என்பதற்காகச் சொத்துக்காரனை ஜெயிலில் போடுவதற்கு ஒப்பாகும்.

நாலாவது, “விளையாட்டு சோறு போடுமா?” என்பது. ஆண்பிள்ளை கிரிக்கெட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் திரியும்போது இந்தக் கேள்வி ஏன் வரவில்லை? சோறு போடாவிட்டாலும் அவனுக்கு அது சந்தோஷம் என்று விட்டுவிடுகிறீர்கள். அந்தச் சந்தோஷம் அவளுக்கு வேண்டாமா? அன்றியும், விளையாட்டினால் படிப்பிலும் சர்க்கார் உத்தியோகத்திலும் இடம் கிடைக்கிறதென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் அதை முதற்காரணமாகச் சொல்ல மாட்டேன். பெண் எதைச் செய்தாலும் அதனால் குடும்பத்துக்கு லாபமுண்டா என்று கேட்கிற புத்தியே அடிமைக்காரனுடைய புத்தி. தன் உடம்பைத் தன் இஷ்டத்துக்கு ஒரு நாழிகை ஓட விடுவதற்கு யாரிடத்திலும் லாபக்கணக்குக் காட்டவேண்டிய அவசியம் மனிதருக்கு இல்லை.

ஐந்தாவது, “எங்கள் வீட்டுப் பெண்களே வேண்டாம் என்கிறார்களே!” என்பது. இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. என் வீட்டிலேயே இருக்கிறது.

எனக்கு ஒரு தங்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நன்றாக ஓடுவாள். ஜில்லாப் போட்டிக்கு அனுப்பும்படி ஒரு நாள் அவளுடைய ஆசிரியை எங்கள் வீடு தேடி வந்து கேட்டார். தகப்பனார் இல்லாத வீடு. எனக்கு அப்போது வயது இருபதிருக்கும். “வயசுக்கு வந்த பொண்ணுங்க டீச்சர், ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அப்போதே நான் பகுத்தறிவுப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்திருந்தேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ஊர் வாய்க்குப் பயப்படுவதை மாத்திரம் நிறுத்தவில்லை. சாமிக்குப் பயப்படாதவன் என்று மார்தட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசுகிறவனுக்குப் பயந்து வாழ்ந்தேன்.

இன்று அந்தத் தங்கையின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாலிபாலில் கெட்டிக்காரி. சென்ற வருஷம் அவள் பெரியவளானதும் என் தங்கை அவளை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டாள். நான் போய், மேடையிலே பேசுவதையெல்லாம் அவளிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: “அன்னைக்கு டீச்சர் வந்தப்ப நீ சொன்னதத்தானேண்ணா நான் இன்னைக்கு எம்பொண்ணுகிட்ட சொல்றேன்?”

தோழர்களே! பெண்கள் தாங்களே வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லுகிறவர்கள், அந்த ‘வேண்டாம்’ யார் கற்றுக்கொடுத்த பாடம் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். என் தங்கையிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அது இருபது வருஷத்தைத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் என் மருமகள் இந்த மாதம் மறுபடியும் மைதானத்துக்குப் போகிறாள். சாயங்காலம் அவளை அழைத்துவரப் போகிறவன் நான். திண்ணையில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேச்சினால் ஒருவருக்கும் காய்ச்சல் கூட வரவில்லை.

கடைசியாக, இந்த விஷயம் விளையாட்டோடு நிற்கிறதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு ஒழுங்கு செய்துகொள்ளுகிற முறை. சண்டை சச்சரவில்லாமல் பங்கிட்டுக்கொள்ளுகிற நல்ல ஏற்பாடென்று வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் வந்து எழுதிப்போனார்கள். மெத்த சரி. ஆனால் அந்தச் சீட்டிலே பேர் இருக்கவேண்டுமானால் இன்ன ஜாதியில் பிறந்திருக்கவேண்டும், அதிலும் ஆணாய்ப் பிறந்திருக்கவேண்டும் என்பதுதானே வழக்கமாக வந்திருக்கிறது? தலைக்கட்டு என்று எண்ணும்போது ஆண் தலையைத்தான் எண்ணுகிறோம். கூடை சுமக்கிற தலை கணக்கில் வரவில்லை. கர்லிங்கிலே இருபது வருஷம் பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட புத்திக்கும், தலைக்கட்டிலே தலைமுறை தலைமுறையாய்ச் சேர்க்காமல் விட்ட புத்திக்கும் பேர் வேறானாலும் சங்கதி ஒன்றே. மைதானத்தில் இடம் கேட்கத் தெரிந்த பெண், நாளை ஊர்க்கூட்டத்திலும் இடம் கேட்பாள். விளையாட்டு என்றதும் சிலருக்கு வயிறு கலங்குவதற்கு உண்மையான காரணமும் இதுதான்.

கேட்டால் உடனே கிடைத்துவிடுமா என்றால், கிடைக்காது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் அநேகர். தமிழ்நாட்டில் 1989-ல் அது சட்டமாயிற்று. அறுபது வருஷம் ஆனாலும் ஆயிற்று. சிரித்தவர்கள் பேர் இன்று யாருக்குத் தெரியும்?

ஆகவே குப்பத்துத் தோழர்களை நான் பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. பனி மண்டபம் கட்டச் சொல்லவில்லை. நாலே காரியங்கள் கேட்கிறேன்.

ஒன்று, ஊரிலுள்ள விளையாட்டு இடத்தில் வாரத்தில் மூன்று மாலை பெண்பிள்ளைகளுக்கு என்று விடுங்கள். அன்றைக்கு ஆண்பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்த் துடைப்பம் பிடிக்கட்டும். இரண்டு, திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கிறீர்களே, அதில் ஒரு வருஷத்து வாணவேடிக்கைச் செலவை மிச்சப்படுத்தி இரண்டு காரம் பலகையும் ஒரு பந்தும் ஒரு வலையும் வாங்கிப் பெண்கள் கையில் கொடுங்கள். வாணம் ஒரு நிமிஷத்தில் புகையாய்ப் போகும். பலகை பத்து வருஷம் இருக்கும். மூன்று, பெண் பெரியவளானாள் என்று பந்தல் போட்டு ஊருக்கு அறிவிக்கிற செலவை விட்டுவிட்டு, மறுவாரமே அவளைப் பள்ளிக்கும் மைதானத்துக்கும் அனுப்புங்கள். நாலு, வருஷா வருஷம் ஆண்பிள்ளைகளுக்குப் பந்தயம் நடத்திக் கோப்பை கொடுக்கிற சங்கங்கள், அதே நாளில், அதே இடத்தில், அதே அளவுக் கோப்பையைப் பெண்பிள்ளைகளுக்கும் வைக்கட்டும். கோப்பையின் அளவை நான் வேண்டுமென்றேதான் சொல்லுகிறேன். ஆணுக்கு ஒரு முழம், பெண்ணுக்கு ஒரு சாண் என்று கொடுத்துவிட்டுச் சமத்துவம் வந்துவிட்டதென்று பேசுகிற கெட்டிக்காரர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

முதல் வருஷம் நாலு பெண்கள்தான் வருவார்கள். வரட்டும். உய்சொங்கிலும் முதலில் சிலர்தான் வந்தார்கள். இருபது வருஷம் கழித்து நம் பேரப்பெண்கள், “அப்போதே ஏன் ஆரம்பிக்கவில்லை?” என்று கேட்டால் சொல்லுவதற்கு நமக்கு ஒரு பதில் இருக்கவேண்டும். என் தங்கைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு அந்த நிலைமை வரவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.